அக்கா நீந்தக் கற்றுக்கொடுத்த ஊர்

ஈப்போவிலிருந்து கிளம்பும்போது என் பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, மருந்துப் பை. மீதி இடமெல்லாம் ஒரு கல். மெருகேற்றிய கருங்கல் பலகை. நடுவில் சிலுவை, அதன் கீழே தங்க எழுத்தில் என் அக்கா பெயர். எங்கள் பங்குக் கோயில் ஆட்கள் ஆசை ஆசையாகச் செய்து, "எஸ்தர் எந்த ஊரில் தொண்டு செய்தாரோ அங்கேயே பதித்துவிட்டு வாருங்கள்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, "யாருக்கு சார் இது?" என்று கேட்டார். "என் அக்காவுக்கு" என்றேன். அவர் பெட்டியை மூடி, தானே தூக்கி வண்டியில் வைத்தார். வைத்த பிறகுதான் அவர் முகம் கோணிற்று.

எஸ்தர் அக்கா மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள். ஈப்போவைச் சுற்றி ஈயம் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குட்டைகள் நிறைய உண்டு. அந்தக் குட்டைகளில் அவள் மீன் மாதிரி நீந்துவாள். நான் கரையில் உட்கார்ந்து அவள் செருப்பைக் காவல் காப்பேன். எனக்கு இன்றுவரை நீச்சல் தெரியாது. பிறகு அவள் வில்லியனூர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கணவர் முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். அக்கா போன ஜனவரியில் போனாள். முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்குத்தான் கல்லும் நானும் வந்து சேர்ந்தோம்.

வில்லியனூரில் அக்கா மகள் ஜெசிந்தா வீட்டில் இறங்கினேன். அவள் பிள்ளையார்குப்பத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸ். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். கல்லைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

"மாமா, இன்னா இது? இத்தயா பிளேன்ல தூக்கினு வந்தீங்க?"

"உங்கம்மாவுக்கு மரியாதை."

"மரியாததான். முதுகு புடிச்சிக்கிச்சின்னா ஆரு பாக்கறது?"

முதல் நாள் காலை இட்லியும் முந்தின நாள் வைத்த மீன் குழம்பும். எங்கள் ஊரில் மீன் குழம்பை ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்வோம், அதுதான் உலகத்திலேயே உசத்தி என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டிருந்தேன். பழைய மீன் குழம்பில் ஊறிய இட்லி என் வாயை அடைத்துவிட்டது. எட்டாவது இட்லிக்குத் தட்டை நீட்டியபோது ஜெசிந்தா, "மாமா, மத்தியானத்துக்கும் அடுப்பு எரியும்" என்றாள்.

சாப்பிட்டுவிட்டுக் கல்லறைக்குப் போனோம். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. சுற்றிலும் சலவைக்கல், டைல்ஸ், போட்டோ, கூண்டு என்று ஜோராக இருந்த கல்லறைகளுக்கு நடுவே அக்காவுக்கு வெறும் மண்மேடும் ஒரு சின்ன இரும்புச் சிலுவையும். "ஒரு சிமெண்டு மேடை கட்டக்கூடவா ஆளில்லை?" என்று கேட்டேன்.

"அம்மா வேணாம்னுட்டாங்க. மண்ணும் சிலுவையும் போதும்னு வாயாலயே சொல்லிட்டுப் போனாங்க" என்றாள் ஜெசிந்தா. கொண்டுவந்த செவ்வந்திப் பூவை மண்ணின் மேல் பரப்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இந்தக் கல்லறயப் பத்தி எனக்குக் கவல இல்ல மாமா. கெணத்தப் பூட்டிட்டாங்க. அதான் மனசே ஆறல."

அங்கே உட்கார்ந்துதான் முழுக் கதையையும் சொன்னாள். பல வருஷங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தபோது, அக்காவிடம் படித்த இரண்டு பெண்பிள்ளைகளைத் துணி துவைக்கப் போன இடத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கா சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாளாம். ஒரு நாள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து, "ஆண்டவர் எனக்கு எதுக்கு நீச்சலக் குடுத்தாருன்னு இப்பதான் தெரியுது" என்றாளாம். நேராகக் குருவிநத்தத்துக்குப் போய், ராமலிங்கம் என்ற விவசாயியிடம் அவருடைய படி வைத்த பெரிய கிணற்றைச் சனிக்கிழமை காலைகளில் மட்டும் கேட்டிருக்கிறாள். அவரும் கொடுத்தார். பெண்களுக்கு மட்டும் வகுப்பு. அக்கா சாகிற வரைக்கும் அது நின்றதே இல்லை. அவள் போன பிறகு ராமலிங்கம் கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, கதவைப் பூட்டிவிட்டார். மேலே இரும்பு மூடி போடவும் ஆளைப் பார்த்து வைத்திருக்கிறாராம்.

"மூடி போட்டுட்டா அவ்ளோதான் மாமா. அம்மா ரெண்டாவது வாட்டி செத்த மாதிரி" என்றாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகள் எனக்கு எப்போதுமே பிரமாதமாகத் தோன்றும். "அந்தக் கல்லை அவர் கிணற்றிலேயே பதிப்போம். அவர் பெயரையும் சேர்த்து வெட்டச் சொல்கிறேன். வேண்டாம் என்பாரா?" என்றேன். ஜெசிந்தா செவ்வந்தியை மறுபடி எடுத்து அடுக்கத் தொடங்கினாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் அவளுக்கு டியூட்டி. நான் தனியாகப் பாகூருக்குப் போய், அக்காவுக்குத் துணையாக வகுப்பைப் பார்த்துக்கொண்ட ஷகிலாவைச் சந்திப்பதாக ஏற்பாடு. வந்த பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் பிடித்து நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பினார்.

"எங்கபா போவணும்?"

"பாகூர்."

"பாகூரா? இது நெட்டப்பாக்கம் பஸ்ஸுபா. இன்னா, தூங்கினே வந்துட்டியா?"

பஸ் முழுவதும் சிரித்தது. எங்கள் ஊர் பஸ்ஸில் தவறாக ஏறினால் யாருக்கும் தெரியாமல் இறங்கி நடந்துவிடலாம். இங்கே நாலு பேர் சேர்ந்து எனக்கு வழி சொன்னார்கள், நாலு பேரும் வேறு வேறு வழி. கடைசியில் புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட்டில் ஒருவர் என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். புல்லுக்கட்டின் மேல்தான் உட்கார முடிந்தது. வழி நெடுக கரும்பு டிராக்டர்கள். ஒவ்வொன்றையும் அவர் முந்தும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு அருள்நிறை மரியே சொன்னேன். பயத்தை மறக்க, என் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் வண்டியையே நிறுத்திவிட்டார்.

"நீச்சல் டீச்சரு தம்பியா நீங்க? முன்னாடியே சொல்றது இல்ல! எம் பொண்ணு அவங்ககிட்டதான் கத்துக்கிச்சி. போன மழைக்கு ஏரித் தண்ணி கொல்லைக்கு வந்துடுச்சி. மாடு கட்டிக் கெடக்குது, நாங்க அல்லாரும் மோட்டு மேல நின்னு கத்தறோம். அந்தப் பொண்ணு பொடவயோட நீஞ்சிப் போயி கயித்த அவுத்துவுட்டுட்டு வந்துச்சி சார். ரெண்டு மாடு, ஒரு கன்னுக்குட்டி."

"புடவையோடா?"

"டீச்சரு அப்படித்தான் கத்துக்குடுத்துது. இன்னா துணி கட்டிக்கினு இருக்கியோ அதோட எறங்குன்னும். ஆத்துல வுழறவ துணி மாத்திக்கினா வுழுவான்னு கேக்கும்."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அது என் அக்கா பேச்சுதான்.

பாகூரில் கடைத்தெருவை ஒட்டி ஷகிலா குடும்பத்தின் பாத்திரக் கடை. கல்லாவுக்குப் பின்னால் ஷகிலா, முப்பது வயதிருக்கும், முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இரண்டு வாடிக்கையாளர்களை ஒரே நேரத்தில் சமாளித்துக்கொண்டிருந்தார். என்னை உள்ளே கூப்பிட்டுப் பிரியாணி போட்டார்கள். எங்கள் ஊர்ப் பிரியாணியில் பட்டையும் ஏலமும்தான் பேசும், இதில் கறி பேசியது. இரண்டாவது முறை வேண்டாம் வேண்டாம் என்று கையை நீட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

"மொதல்ல எங்க வூட்ல விடல" என்றார் ஷகிலா. "டீச்சர் இங்கயே வந்து எங்க அத்தாகிட்ட, அதான் அப்பாகிட்ட, ஒக்காந்து பேசினாங்க. ஆம்பள வாடயே கெடயாது, துணி மாத்த வேணாம், சரோஜாம்மா கரையில தடி வெச்சிக்கினு காவல்னு சொன்னாங்க. சரோஜாம்மான்னா ராமலிங்கம் ஐயா சம்சாரம். அப்புறந்தான் உட்டாங்க. தண்ணியில எறங்கறதுக்கு முன்ன டீச்சர் நெத்தியில சிலுவ போடுவாங்க. நான் பிஸ்மி சொல்வேன். மத்தவங்க தண்ணியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. ஆண்டவர் தண்ணி மேல நடந்தாரு, நமக்கு அது வராது, நாம நீஞ்சக் கத்துக்கலாம்னு டீச்சர் சொல்லிச் சிரிப்பாங்க."

"யாரையும் கோயிலுக்கு வரச் சொன்னதில்லையா?"

"இல்லியே. ஒருவாட்டி நான் கேட்டேன். நீ உசுரோட இருந்தா அவருக்குச் சந்தோஷம், அது போதும்னாங்க."

திரும்பும் வழியில் பஸ்ஸில் நான் தூங்கவில்லை. ஒரு நல்ல கிறிஸ்தவனுக்கு என்னென்ன வேண்டும் என்று எனக்குள் எப்போதும் ஒரு கணக்கு உண்டு. ஞாயிறு பூசை, தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு, கோயில் கட்ட நன்கொடை, கடைசியில் நல்ல கல்லறை. அக்கா இதையெல்லாம் செய்தாளா இல்லையா என்று இந்த ஊரில் யாரும் பேசவில்லை. என் வாழ்க்கையை யாராவது மொபெட்டை நிறுத்திச் சொல்வார்களா என்று நினைத்துப் பார்த்தேன். பொறாமையாகத்தான் இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அன்றுதான் நினைவு நாள். காலைப் பூசை முடிந்ததும் ஜெசிந்தாவும் நானும் கல்லும் ஓர் ஆட்டோவில் குருவிநத்தம் போனோம். ஷகிலாவும் பழைய மாணவிகள் சிலரும் அங்கே வந்து காத்திருந்தார்கள். கதவு திறந்தாலும் திறக்கும் என்ற நம்பிக்கையில் புதிதாகச் சில சிறுமிகளையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர்கள் மிதப்பதற்காக முதுகில் கட்டிக்கொள்ளக் காலி எண்ணெய் கேன்களும் வந்திருந்தன.

ராமலிங்கம் அறுபத்தைந்து வயது மனிதர், நல்ல உயரம், வெள்ளை மீசை. வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சரோஜாம்மா எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். கட்டை குட்டையான பெண்மணி, அதிகம் பேசாதவர். உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. கிணற்றைப் பற்றி வாயைத் திறந்ததும் ராமலிங்கம் முகம் இறுகிவிட்டது.

நான் என் பிரமாதமான யோசனையை அவிழ்த்தேன். கல்லைச் சாக்கிலிருந்து எடுத்துக் காட்டினேன். உங்கள் பெயரும் இதில் வரும் என்றேன்.

அவர் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு மெதுவாக, "கல்லு ரொம்ப நல்லாக்கிது. ஆனா ஒரு புள்ள முங்கிச்சின்னா இந்தக் கல்லு வந்து தூக்கிவுடுமா சார்?" என்றார்.

கல்லை மறுபடி சாக்கில் சுற்றினேன். ஈப்போ ஆட்கள் என்னிடம் கேட்டால் அவர் கேட்டதையே சொல்வதாக இருக்கிறேன்.

"வாங்க, வந்து பாருங்க. அப்பால பேசுங்க" என்று எங்களைக் கிணற்றுக்கு அழைத்துப் போனார். கதவைத் திறந்துவிட்டார். மழை முடிந்த பருவம். முக்கால் கிணறு தண்ணீர், பச்சையாக, அசையாமல் கிடந்தது. நான் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றேன்.

"டீச்சர் இருந்த வரைக்கும் ஒரு தைரியம் இருந்துச்சி" என்றார் ராமலிங்கம். "இப்ப ஆரு?"

"நான் இருக்கேனே ஐயா" என்றார் ஷகிலா.

"நீ ஒருத்தி. ரெண்டு புள்ள ஒரே நேரத்துல முங்கினா ஒண்ணத்தான் புடிப்ப. கரையில இன்னொரு பெரிய ஆளு வேணும். நீச்சல் தெரிஞ்சி, வாராவாரம் தவறாம நிக்கற ஆளு. இவங்கல்லாம் வூடு வேலன்னு போயிடுவாங்க."

"ஆபத்துன்னா ஓடி வர நீங்க இருக்கீங்களே ஐயா" என்று நான் குறுக்கே விழுந்தேன். "உங்க கிணறு. உங்களுக்குத் தெரியாத தண்ணியா?"

ராமலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது சார்."

மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிணற்றுக்காரருக்கு நீச்சல் தெரியாமல் இருக்கும் என்று அந்த ஊரில் யாருக்குத்தான் தோன்றும்? யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"எனக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தான். இதே கெணத்துலதான் போயிட்டான். அதுக்கப்புறம் எங்கப்பா என்ன தண்ணி பக்கமே வுடல. டீச்சர் கேட்டப்ப முடியாதுன்னு சொல்ல வாய் வரல. நல்ல காரியம் பாரு. ஆனா ஒவ்வொரு சனிக்கெழமையும் அதோ அந்தப் பம்பு செட்டாண்ட நின்னு சத்தத்தையே கேட்டுக்கினு இருப்பேன். ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா, கத்தறதத் தவிர எனக்கு இன்னா தெரியும்?" கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். "அதான் பூட்டினேன். வேற ஒண்ணுமில்ல."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நீச்சல் தெரியாமல் கரையில் நிற்பவன் மனசில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் சரோஜாம்மா கையிலிருந்த இளநீர் அரிவாளை ஜெசிந்தாவிடம் கொடுத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். கிணற்றுப் படியில் இறங்கினார்.

"ஏய், சரோஜா! எங்க போற? ஏய்!"

அவர் திரும்பவில்லை. கடைசிப் படியில் நின்று தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த நொடி ஆள் இல்லை. தண்ணீரில் ஒரு வட்டம் மட்டும் விரிந்தது.

"அய்யோ! புடிங்கடி அவள! ஷகிலா, குதிம்மா!" ராமலிங்கம் அலறினார். ஷகிலா குதிக்கவில்லை, சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்குள் கிணற்றின் எதிர்ச் சுவர் ஓரமாக ஒரு நரைத்த தலை மேலே வந்தது. சரோஜாம்மா வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, கையை வீசி, காலை உதைத்து, ஒன்பது கஜம்போல் கனத்துப்போன அந்த நனைந்த புடவையோடு நிதானமாக நீந்திக் குறுக்கே வந்தார். அவர் பாதி வரும்போது ஷகிலா குதித்து, முழுகுகிறவர்போல் கையைக் காலை உதறினார். சரோஜாம்மா பின்பக்கமாகப் போய் அவர் மோவாயைப் பிடித்து மல்லாத்தி, ஒற்றைக் கையால் நீந்திப் படிக்கு இழுத்து வந்து சேர்த்தார். மேலே இருந்த பெண்கள் போட்ட கூச்சலில் தென்னை மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

ராமலிங்கம் படியில் பாதிவரை இறங்கி வந்திருந்தார். தான் அங்கே நிற்பதே அவருக்குத் தெரியவில்லை.

"எப்ப கத்துக்கின?"

"நீங்க கரும்பு வண்டியோட மில்லுக்குப் போற நாளா பாத்து டீச்சர் வந்து சொல்லிக்குடுத்தாங்க. நாலஞ்சு வருசமாச்சி."

"எங்கிட்ட ஏன் சொல்லல? பூட்டினனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

சரோஜாம்மா முகத்திலிருந்த தண்ணீரை வழித்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதுன்னு நீங்க ஆர்கிட்டயும் சொல்லல. எனக்குத் தெரியும்னு நான் சொன்னா, அவருக்குத் தெரியாதான்னு ஊரு கேக்காதா?" என்றார்.

ராமலிங்கம் கண்களில் தண்ணீர் நின்றது.

ஜெசிந்தா மெதுவாக, "சரோஜாம்மா, நீங்க இன்னும் அம்மாவுக்குக் கூலி குடுக்கல, ஞாபகம் இருக்கா?" என்றாள். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து ஷகிலா விளக்கினார். அக்கா யாரிடமும் காசு வாங்கியதில்லை. கற்றுக்கொண்டவள் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதுதான் கூலி. ஷகிலா தன் நாத்தனாருக்குக் கற்றுக்கொடுத்தார், அந்த நாத்தனார் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. இப்படியே போய் எத்தனை பேர் என்று அக்காவுக்கே தெரியாதாம். சரோஜாம்மா மட்டும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும்போதெல்லாம் அக்கா, "உன் ஆளு உன் வூட்லயே இருக்காரு. அவரு வாயத் தொறக்கட்டும்" என்பாளாம்.

சரோஜாம்மா புருஷனைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"நான் அறுபத்தஞ்சு வயசுல..." என்று ஆரம்பித்தார் ராமலிங்கம்.

"எனக்கு அறுபது. எறங்குங்க."

ஒரு சிறுமி தன் எண்ணெய் கேனை அவிழ்த்து நீட்டினாள். அந்தப் பெரிய மனிதரின் முதுகில் ஷகிலா கேனைக் கட்டினார், ஒன்று போதாமல் இரண்டு. அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். அண்ணனிடம் பேசினாரா, சாமியிடமா, என் அக்காவிடமா, தெரியாது. பிறகு சரோஜாம்மாவின் கையில் மோவாயை வைத்துப் படுத்தார். உடனே மொத்தக் கிணற்றையும் கலக்கிவிட்டார்.

"யோவ், கால மடக்காத! ஒதை! ஒதைய்யா!"

புருஷனை அவர் யோவ் என்று கூப்பிட்டதை அந்த ஊர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டது என்று நினைக்கிறேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜெசிந்தா சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அழுவதை மறைக்கவே இல்லை. என் அக்கா ஜெயித்துவிட்டாள். செத்து ஒரு வருஷம் கழித்து, கல்லும் இல்லாமல் கட்டடமும் இல்லாமல், ஒரு கிணற்றுக்குள்ளிருந்து ஜெயித்துவிட்டாள்.

ராமலிங்கம் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை எப்படியோ போய்ச் சேர்ந்தார். பாதித் தண்ணீரைக் குடித்திருப்பார். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கல்லைக் கட்டிப்பிடித்தபடி இருமி, மூச்சு வாங்கி, மீசையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். கம்பிவேலிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஷகிலாவைக் கண்ணால் தேடிப் பிடித்துக் கேட்டார்:

"அடுத்த சனிக்கெழம எத்தினி மணிக்குமா வரணும்?"

ஷகிலா வாயைத் திறப்பதற்குள் சரோஜாம்மா சொல்லிவிட்டார்.

"ஆறு மணி. பொண்ணுங்க வர்றதுக்கு முன்னாடி. லேட்டா வந்தா சேத்துக்க மாட்டோம்."